அம்மன் காசு: கோயில் காசா, நாட்டுக் காசா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பாட்டியின் சுருக்குப்பையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செம்புக் காசு கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் உட்கார்ந்த நிலையில் அம்மன், மறுபக்கம் தெலுங்கு போலத் தெரியும் எழுத்து. பாட்டி அதை 'அரைக்காசு அம்மா' என்பாராம். தங்கசாலைத் தெருவில் பழைய காசு வாங்கி விற்கும் ஒருவர், "கோயில்ல குடுக்குற காசு, புதுக்கோட்டை ராஜா காலத்துது" என்று சொல்லியிருக்கிறார். அதை ஒட்டி மூன்று சந்தேகங்கள்: இது கோயில் காசா, நாட்டுக் காசா? வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் இன்னொருவர் காசு அடிக்க முடியுமா, அப்படியானால் புதுக்கோட்டை தனி நாடா, ஜமீனா? தண்டையார்பேட்டைக்கும் புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கும் சம்பந்தம் உண்டா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது காசைப் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, ஒரு சின்ன சமஸ்தானத்துக்கு ஆங்கிலேயர் காலத்தில் எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்பதைத்தான். அதற்கு உங்கள் கையில் இருக்கும் காசே நல்ல சாட்சி. அதன் இரண்டு முகங்களோடு, அது எங்கே அச்சானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் காசு. நீங்கள் விவரித்திருப்பது புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு. ஒரு முகத்தில் இருப்பவர் திருக்கோகர்ணம் கோயிலின் பிரகதாம்பாள். தொண்டைமான் அரசர்களின் குலதெய்வம். மறுமுகத்தில் இருப்பது தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற ஒரே சொல். கோயிலில் கொடுத்த காசு என்று கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நவராத்திரி நாட்களில் அரண்மனை வழங்கிய அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் புதுக்கோட்டையில் இருந்தது. ஆனால் வாங்கியவர்கள் அதைப் பிரசாதமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கடையில் கொடுத்துச் சாமான் வாங்கினார்கள். சமஸ்தானத்துக்குள் அதற்கு முறையான மதிப்பு இருந்தது. ஒரு அணாவுக்கு 20 அம்மன் காசு. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதால், ரூபாய்க்கு 320 காசு. ஆங்கிலேயரின் காலணாவுக்கு ஐந்து அம்மன் காசு கணக்காகிறது. அவர்களுடைய மிகச் சிறிய நாணயமான தம்பிடியே அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்; அம்மன் காசு அதையும்விடச் சிறியது. ஒரு கொத்து கறிவேப்பிலைக்கும் வெற்றிலைக்கும் இப்படிப்பட்ட காசுதான் தேவை. ஆகவே இது நாட்டுக் காசு. விழாவில் கொடையாகவும் கொடுக்கப்பட்ட நாட்டுக் காசு.

அரைக்காசு அம்மன் என்ற பெயரும் இந்த நாணயத்திலிருந்து வந்ததுதான். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை மக்கள் அப்படி அழைக்கிறார்கள். தொலைந்த பொருள் கிடைக்க அவளை வேண்டிக்கொண்டு, கிடைத்ததும் வெல்லம் வைத்துப் படைப்பது தமிழ்நாடு முழுக்க வீடுகளில் இருக்கும் வழக்கம். உங்கள் பாட்டி சுருக்குப்பையில் அதை வைத்திருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால், காசு கிடைத்த ஒன்றை மட்டும் வைத்து உங்கள் குடும்பம் புதுக்கோட்டையிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்திக்காகக் கைமாறி ஊர் ஊராகப் போன காசு இது. பூர்வீகம் தெரிய வேண்டுமானால் பத்திரங்கள் வேண்டும்; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

'விஜய' என்பது என்ன? இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அது ஆண்டின் பெயர் அல்ல என்பது உறுதி. பிரபவ முதல் அட்சய வரையான அறுபது ஆண்டுகளில் இருபத்தேழாவது விஜய. அது 1893-94இல் வந்தது. இந்தக் காசு இயந்திரத்தில் அச்சான காலத்துக்குள் அந்த ஆண்டு விழுவதால் பலர் ஏமாந்து போகிறார்கள். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே கையால் அடித்த காசுகளிலும் இதே சொல் இருக்கிறது. அதன் பொருள் என்ன என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உலவுகின்றன. விஜய ரகுநாதத் தொண்டைமான் என்ற பெயரில் இந்த வம்சத்தில் ஒருவருக்கு மேல் ஆண்டிருக்கிறார்கள். அந்தப் பெயரின் சுருக்கம் என்பது ஒன்று. போர் வெற்றியின் நினைவு என்பது இன்னொன்று. முதலாவது எனக்கு வலுவாகப் படுகிறது. தெலுங்கு எழுத்து வந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. விஜயநகர, நாயக்கர் ஆட்சிகளுக்குப் பிறகு தமிழ்நாட்டுச் சிற்றரசவைகளில் தெலுங்கு ஒரு கௌரவ மொழியாக நின்றது.

இந்தக் காசையும் நவராத்திரிக் கொடையையும் தொடங்கி வைத்தவர் 1730 முதல் 1769 வரை ஆண்ட விஜய ரகுநாதராயத் தொண்டைமான் என்றும், சதாசிவ பிரம்மேந்திரர் என்ற துறவி மணலில் எழுதிக் காட்டிய உபதேசத்தின்படி அப்படிச் செய்தார் என்றும் மரபு சொல்கிறது. அந்த மணலை அரண்மனையில் வைத்துப் பூசித்தார்கள். பூசித்தது நடந்த விஷயம். காசுக்கும் உபதேசத்துக்கும் உள்ள தொடர்பு மரபுச் செய்தி. கல்வெட்டுச் சான்று போல அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, நாடா ஜமீனா என்ற கேள்வி. சுற்றியிருந்த பாளையங்கள் பலவும் ஜமீன்களாக முடிந்தன, புதுக்கோட்டை முடியவில்லை. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தபின் ராமநாதபுரமும் சிவகங்கையும் நிரந்தர பேஷ்குஷ் (கப்பத் தொகை) கட்டும் ஜமீன்களாக ஆக்கப்பட்டன. ஜமீன்தார் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவர் நிலம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்தது. பிரிட்டிஷ் சட்டம் ஓடியது. வழக்கு என்றால் அது சென்னை உயர்நீதிமன்றம் வரை வரும். சமஸ்தானம் அப்படியில்லை. சட்டம், வரி, நீதிமன்றம், முத்திரைத்தாள், காவல் எல்லாம் தர்பாரின், அதாவது அரசரின் நிர்வாகத்தின், பெயரில் நடந்தன. சென்னை அரசோடு தொடர்பு கொண்டிருந்த சமஸ்தானங்கள் ஐந்துதான்: திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, பங்கனப்பள்ளி, சந்தூர். இன்றைய தமிழ்நாட்டு வரைபடத்தின் நடுவில் இருந்த ஒரே சமஸ்தானம் புதுக்கோட்டை. பரப்பு 1,179 சதுர மைல். இன்றைய சென்னை மாநகராட்சியைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று தாலுகா. 1901 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,80,440. அரசருக்குப் பதினொரு குண்டு மரியாதை.

இந்த வித்தியாசம் ஏன் வந்தது? அதற்குப் பின்னால் போக வேண்டும். ராமநாதபுரத்தின் ரகுநாத கிழவன் சேதுபதி, தொண்டைமான் குடும்பத்துக் காதலி நாச்சியாரை மணந்தவர். நாச்சியாரின் சகோதரர் ரகுநாதராயத் தொண்டைமானுக்கு, பல்லவராயர்கள் வைத்திருந்த புதுக்கோட்டைப் பகுதி 1680களில் கிடைத்தது. அடுத்த நூற்றாண்டில் கர்நாடகப் போர்கள் வந்தபோது தொண்டைமான்கள் ஆர்க்காட்டு நவாப் முகமதலியின் பக்கமும் அவரை ஆதரித்த ஆங்கிலேயர் பக்கமும் நின்றார்கள். 1750களில் திருச்சிக் கோட்டை முற்றுகையில் சிக்கித் தவித்தபோது உள்ளே இருந்த படைக்குத் தானியமும் ஆடுமாடும் போய்ச் சேர்ந்த வழிகளில் முக்கியமானது தொண்டைமான் காடு. பிறகு ஹைதர் அலிக்கு எதிராகவும் அதே பக்கம். அந்தக் கணக்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி மறக்கவில்லை.

1799இல் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பாதியாகத்தான் சொல்லப்படுகிறது. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் வடக்கே தப்பி வந்த வீரபாண்டிய கட்டபொம்மன், புதுக்கோட்டைச் சீமையின் திருக்களம்பூர்ப் பக்கக் காட்டில் பிடிபட்டார். பிடித்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். இதில் சந்தேகம் இல்லை. அவரைப் பிடித்துத் தரும்படி கலெக்டர் லஷிங்டன் தொண்டைமானுக்கு எழுதியதும் பதிவில் உள்ளது. விவாதம் இருப்பது நோக்கத்தைப் பற்றி. உதவ மறுத்திருந்தால் புதுக்கோட்டையும் பாஞ்சாலங்குறிச்சியின் கதியை அடைந்திருக்கும் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. அரை நூற்றாண்டுக் கூட்டாளி வேறு எப்படியும் நடந்திருக்க மாட்டான் என்கிறது மறுதரப்பு. ஆவணங்களில் கிடைப்பது செயலும் உத்தரவும். தொண்டைமானின் மனத்துக்குள் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும் எதையும் அப்படியே நம்ப வேண்டாம்.

அதற்குப் பலன் கிடைத்தது. தஞ்சையோடு நெடுங்காலம் தகராறில் இருந்த கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த சீமையையும் 1803இல் கம்பெனி தொண்டைமானுக்கு விட்டுக்கொடுத்தது. லண்டனில் இருந்த இயக்குநர்கள் 1806இல் அதை உறுதிப்படுத்தியபோது இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள். அந்தச் சீமையை வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. ஆண்டுக்கு ஒரு யானை கப்பமாகக் கொடுக்க வேண்டும். யானையை யாரும் வற்புறுத்திக் கேட்டு வாங்கவில்லை. 1836இல் முறைப்படி தள்ளுபடி செய்துவிட்டார்கள். இதைத் தவிரப் புதுக்கோட்டை ஆங்கிலேயருக்குப் பணமாகக் கப்பம் கட்டியதில்லை. ஜமீன் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

கப்பம் இல்லை என்பதால் கட்டுப்பாடும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தஞ்சை ரெசிடெண்டும், பின்னர் மதுரை, தஞ்சை, திருச்சி கலெக்டர்களும் மாறி மாறிப் புதுக்கோட்டையின் அரசியல் ஏஜெண்டாக இருந்தார்கள். வாரிசு சிறுவனாக இருந்தால் யார் நிர்வாகம் செய்வது, அரசர் எவ்வளவு கடன் வாங்கலாம், திவான் யார் என்ற கேள்விகளில் அவர்கள் சொல் எடுபட்டது. 1839 முதல் 1886 வரை ஆண்ட ராமச்சந்திரத் தொண்டைமான் கடனில் மூழ்கியபோது, அவருக்குக் கொடுத்திருந்த 'எக்சலென்சி' என்ற மரியாதையையே கொஞ்ச காலம் பறித்து வைத்திருந்தார்கள்.

1878இல் சேஷய்ய சாஸ்திரி வந்தபின் நிர்வாகம் மாறியது. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு வந்தவர் அவர். புதுக்கோட்டை நகரம் சீரமைக்கப்பட்டதற்கும், குளங்கள் தூர்வாரப்பட்டதற்கும், 1888இல் இனாம் நிலங்களை வரையறுத்துப் பட்டாவாக்கியதற்கும் அவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அந்த இனாம் வரையறையை வெறும் கணக்கு வேலையாக நினைக்க வேண்டாம். கோயில் ஊழியம், அரண்மனை ஊழியம், படை ஊழியம் ஆகியவற்றுக்காக அனுபவித்துவந்த நிலம், ஊழியம் நீங்கி, ஒரு குறைந்த தீர்வை கட்டினால் போதும் என்ற சொத்தாகியது. அரசருக்கும் குடிகளுக்கும் நடுவில் இருந்த பழைய கொடைப் பிணைப்பு அங்கேதான் அறுந்தது என்று சொல்லலாம்.

உங்கள் காசின் கதையும் இந்த இடத்தில்தான் திரும்புகிறது. அதுவரை அம்மன் காசு கையால் அடிக்கப்பட்டது. 1889 முதல் அது கல்கத்தாவில் இருந்த அரசுத் தங்கசாலையில் இயந்திரத்தில் அச்சாகி வந்தது. உங்கள் பகுதிப் பெயர்களே சொல்லும் சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. சென்னையிலும் ஒரு தங்கசாலை இருந்தது. தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் கொடுத்தது அதுதான். 1869இல் அதை மூடிவிட்டார்கள். கட்டடம் அரசு அச்சகத்துக்குப் போயிற்று. அதனால் புதுக்கோட்டை அம்மன், வங்காளம் போய் அச்சாகித் திரும்பி வரவேண்டியிருந்தது. இப்போது உங்கள் கேள்விக்கான பதில் அந்தச் சின்னச் செம்பிலேயே கிடைக்கிறது. காசில் யார் உருவம் இருக்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்பதைத் தர்பார் தீர்மானித்தது. விக்டோரியாவின் தலை அதில் இல்லை. ஆனால் அச்சு ஆங்கிலேயர் கையில். வெள்ளி ரூபாயும் அணாவும் புதுக்கோட்டையிலும் பிரிட்டிஷ் நாணயங்கள்தான். சமஸ்தானத்துக்கு மிஞ்சியது ரூபாயில் 320இல் ஒரு பங்கு.

உப்பு விஷயமும் இப்படித்தான். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கடல் உப்புக்கு அரசு கடுமையான வரி போட்டிருந்த காலம் அது. புதுக்கோட்டையின் உவர் மண்ணிலிருந்து மக்கள் மண்ணுப்புக் காய்ச்சினார்கள். அதற்குப் பிரிட்டிஷ் வரி கிடையாது. எல்லை தாண்டி அது திருச்சி, தஞ்சை ஜில்லாக்களுக்குள் கசிந்தால் வரிகட்டிய உப்பு விலைபோகாது. 1887இல் தர்பாரோடு ஒப்பந்தம் போட்டு மண்ணுப்புக் காய்ச்சுவதையே நிறுத்தினார்கள். ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாய் தர்பாருக்கு. பணம் கஜானாவுக்குப் போனது. காய்ச்சிப் பிழைத்தவர்கள் தொழிலை இழந்தார்கள். சமஸ்தானத்தின் சுயாட்சியைப் பற்றிப் பேசும்போது பட்டாபிஷேகத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்கச் சொல்வேன். பிரிட்டிஷ் வருமானத்தைத் தொடாத வரை சுயாட்சி, தொட்டவுடன் ஒப்பந்தம்.

எல்லாவற்றிலும் கூர்மையான உதாரணம் வாரிசு விவகாரம். 1855இல் தஞ்சை அரசரும் ஆர்க்காட்டு நவாபும் நேரடி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது கம்பெனி அந்தப் பதவிகளையே இல்லாமல் ஆக்கியது. 1857க்குப் பிறகு கொள்கை மாறியது. 1862இல் புதுக்கோட்டைக்கும் சுவீகாரம் எடுத்துக்கொள்ளும் உரிமைச் சாசனம் கிடைத்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தித்தான் ராமச்சந்திரத் தொண்டைமான் தம் மகளின் மகன் மார்த்தாண்ட பைரவரைச் சுவீகாரம் எடுத்தார். 1886இல் பதினொரு வயதில் அவர் அரசரானார். 1894 வரை சேஷய்ய சாஸ்திரி பொறுப்பில் இருந்தார்.

மார்த்தாண்டர் காலத்தில் நல்லது பல நடந்தது. 1902இல் மக்கள் பிரதிநிதிகள் சபை கூடியது. 1910இல் அருங்காட்சியகம் திறந்தது. முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர எதிர்ப்பு கிளம்பியபோது இடம் கொடுக்கச் சொன்னவர் மார்த்தாண்டர்தான். அந்தப் பெண் பிறகு 1927இல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, தேவதாசி முறை ஒழிப்புக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் காரணமானார்.

1915இல் மார்த்தாண்டர் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். இந்திய அரசு அவரை ராணியாக ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு பிறந்த மகன் மார்த்தாண்ட சிட்னியை வாரிசாக ஏற்கவும் மறுத்தது. சமஸ்தானத்துக்குள்ளும் இந்த மணத்துக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழியை ஒரு பக்கம் மட்டும் போட முடியாது. அரசர் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். 1922 முதல் அவருடைய சகோதரர் ரீஜெண்டாக நிர்வாகம் பார்த்தார். 1928 மே மாதம் பாரிஸில் மார்த்தாண்டர் இறந்தார். தகனம் லண்டனில் நடந்தது. ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த உறவினர் மகன் ராஜகோபாலத் தொண்டைமான் ஆறு வயதில் அரியணை ஏறினார். சாசனத்தின் வலு இவ்வளவுதான். பேரனைச் சுவீகாரம் எடுத்தால் வாரிசு. சொந்த மகன் வாரிசாக முடியவில்லை. காரணம் இந்து தர்ம சாஸ்திரம் என்று எழுதப்பட்டது. இந்திய அரசரும் வெள்ளைக்காரப் பெண்ணும் மணப்பதில் ஆங்கிலேயருக்கு இருந்த வெறுப்பும் அந்த முடிவில் கலந்திருந்தது என்பதே என் வாசிப்பு.

கடைசிப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1923இல் புதுக்கோட்டை சென்னை அரசின் மேற்பார்வையிலிருந்து விலகி, நேராக இந்திய அரசின் கீழ் சென்னை சமஸ்தானங்களின் ஏஜெண்டிடம் போனது. 1924இல் சட்டசபை வந்தது. 1934 முதல் 1946 வரை அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் நிர்வாகம் செய்தார். ராஜகோபாலர் 1944இல்தான் முழு அதிகாரம் பெற்றார். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமானது. ராஜகோபாலர் கொடுத்த அரண்மனையில்தான் கலெக்டர் அலுவலகம் நடக்கிறது.

தண்டையார்பேட்டைக்கு வருவோம். சம்பந்தம் இல்லை என்றே கொள்ளுங்கள். 1693இல் எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையையும் கம்பெனி மொகலாய அதிகாரிகளிடம் கொடையாகப் பெற்றது. அப்போது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்சிக்குப் பத்துப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை; அவர்கள் கை சென்னை வரை நீண்டதே இல்லை. தொண்டி ஊரிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபைத் 'தொண்டியார்' என்று அழைத்ததால் இந்தப் பெயர் வந்தது என்று உங்கள் பகுதியில் சொல்வார்கள். மஸ்தான் சாகிபு அங்கே வாழ்ந்து அடங்கியதும் அவர் பாடல்களின் பெருமையும் உண்மை. ஆனால் அவர் பிறந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஊர்ப் பெயரோ அதற்கு ஒரு நூறாண்டு முன்பே கம்பெனிப் பதிவில் இருக்கிறது. ஓசை ஒத்துப் போவதை மட்டும் வைத்து ஊர்ப் பெயருக்கு வரலாறு கட்டினால் இப்படித்தான் காலம் இடிக்கும்.

இனி கையில் இருக்கும் காசை என்ன செய்வது? புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். புளி செம்பின் மேல் படிந்த பழுப்பைக் கரைத்துவிடும். அந்தப் பழுப்பு அழுக்கு அல்ல, நூறு வருடம் செம்பைக் காத்த மேல்தோல். தோல் போனால் எழுத்தின் விளிம்பும் போகும், சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் போகும். கடல்காற்று வீசும் பகுதியில் இருக்கிறீர்கள். அதனால் ஒன்றை அவசியம் பாருங்கள். காசில் பச்சை நிறம் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்தால் பயமில்லை. வெளிர்பச்சையில் மாவு போல உதிர்ந்தால் உப்புக் காற்றின் குளோரைடு உள்ளே இறங்கிச் செம்பைத் தின்கிறது என்று அர்த்தம். ஈரம் இருக்கும் வரை அது நிற்காது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மேசைவிளக்கின் சூட்டில் நன்றாக உலர்த்துங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு காகித உறையில் போட்டு, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் பை வேண்டாம். அது நாளடைவில் அமிலம் கசிந்து காசைப் பச்சையாக்கும். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

கையால் அடித்ததா, கல்கத்தா அச்சா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. விளிம்பு ஒழுங்கற்று, தடிமன் ஒரு பக்கம் கூடிக் குறைந்து, அம்மனின் உருவமோ எழுத்தோ பாதி வெளியே போயிருந்தால் கைவேலை. அச்சுக்கட்டையைவிடச் செம்புத் துண்டு சிறிதாக இருந்ததால் அப்படி வெட்டுப்படும். முழு வட்டமாக, மெல்லியதாக, உருவம் நடுவில் சரியாக உட்கார்ந்திருந்தால் இயந்திர அச்சு. எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். எதிலும் ஆண்டு பொறித்திருக்காது. ஆகவே '1890 காசு' என்று துல்லியமாகத் தேதி சொல்லி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். காந்தத்தில் ஒட்டினால் செம்பே அல்ல. பூதக்கண்ணாடியில் பொடிப் பொடியான குழிகளும், விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடும் தெரிந்தால் அச்சில் ஊற்றிய போலி. இயந்திர அச்சுக் காசுகள் நிறையவே கிடைக்கின்றன; பெரிய விலை சொன்னால் வாங்கவும் வேண்டாம், கிடைக்கும் என்று நம்பவும் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு உங்களுக்குப் பக்கம். ஊருக்குப் போக முடிந்தால் திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அருங்காட்சியகம்.

பூர்வீகத்துக்குப் பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். முத்திரைத்தாளின் தலைப்பை முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் அரசி, அரசரின் தலை இருந்தால் அது பிரிட்டிஷ் இந்தியாவில் எழுதியது. புதுக்கோட்டை சமஸ்தானம் என்று இருந்தால் தர்பார் எல்லைக்குள் எழுதியது. அதன்பின் ஊர், தாலுகா. தேதி பெரும்பாலும் தமிழ் ஆண்டுப் பெயரிலோ பசலியிலோ (நிலவரிக் கணக்கின் ஆண்டு) இருக்கும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வருவதால், அரசர் பெயரையோ முத்திரைத்தாளின் அச்சையோ வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும். ஊர், தாலுகா, பசலி மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு போனால் புதுக்கோட்டை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் உள்ள தர்பார் பதிவுகளிலும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வழி பிறக்கும். குடும்பப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கட்டுகளை எங்கிருந்து பிரிப்பது என்று அங்கே இருப்பவர்களுக்கும் தெரியாது. இனாம் நிலம் வைத்திருந்த குடும்பமாக இருந்தால் 1888 வரையறைப் பதிவிலிருந்து தொடங்குங்கள். நிலம் யாருக்கு, எந்த ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்பது அதில்தான் இருக்கும்.